செகண்ட் ஹேண்ட் போர்ஷே: பில்டரை வெட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

2019 ஜூலை. குதிரான் மலையில் சுரங்கப்பாதை இன்னும் திறக்காத காலம். திருச்சூரிலிருந்து பாலக்காடு வரும் ஏற்றத்தில், நல்ல மழையில், என் போர்ஷே பாக்ஸ்டர் நின்றுபோனது. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டிக்குள் யாரோ சாக்கு நிறைய ஆணியைக் கொட்டியதுபோல் ஒரு சத்தம்; அடுத்த நொடி எஞ்சின் அடங்கிவிட்டது. 2003 மாடல், 3.2 லிட்டர், மீட்டரில் 21,000 கிலோமீட்டர். வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோய்ச் சேர்த்தேன். போத்தனூர் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டிப் பழகியவர். ஆயில் பில்டரைக் கழற்றி, உள்ளே இருந்த காகிதத்தை விரித்து வெயிலில் காட்டினார். கொலுசுக் கடைத் தரையைக் கூட்டி அள்ளியதுபோல் மினுமினுத்தது.

“வாங்கறப்ப இந்த பில்டர வெட்டிப் பாத்தீங்களா தம்பி?”

“இல்லீங்கண்ணா. வண்டி கம்மியாத்தான் ஓடியிருக்குன்னு சொன்னாங்க.”

“அதாங்க பிரச்னையே. ஓடாம நின்ன வண்டிங்க இது.”

அந்த எஞ்சினைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வண்டி வாங்க மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் கற்றதையும், இப்போது என் வீட்டில் நிற்கும் 2007 பாக்ஸ்டரை வாங்கும்போது செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன். நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில். கடைத்தெருப் பேச்சு தமிழ், வண்டி நம்பர் கே.எல். 70. கொச்சி, திருச்சூர் வண்டிகளைத் தேடி வரும் பொள்ளாச்சி, கோவைக்காரர்கள் பலர் எங்கள் ஊர் வழியாகப் போகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: எஞ்சினின் வயதைப் பிடியுங்கள்

பழைய போர்ஷேயில் நிறத்தையும் மாடல் பெயரையும் பார்ப்பதற்கு முன் எந்த ஆண்டு எஞ்சின் என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே என்ன வேலை செய்ய வேண்டும், செய்யவே முடியுமா என்ற எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

1996-இல் பாக்ஸ்டரோடு வந்த தண்ணீர்க் குளிர்ச்சி எஞ்சின் குடும்பத்துக்கு எம்96 என்று பெயர். அதன் அடுத்த வடிவம் எம்97. 986 பாக்ஸ்டர், 987-இன் முதல் பாதி பாக்ஸ்டரும் கேமனும், 996, 997-இன் முதல் பாதி 911 எல்லாம் இந்தக் குடும்பம். பாக்ஸ்டர், கேமன், 911 என்பவை விற்பனைப் பெயர்கள்; 986, 987, 996, 997 என்பவை அவற்றின் தலைமுறைகளுக்கு போர்ஷே வைத்த உள் எண்கள். இவற்றில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்குக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ட்டுகளுக்கும் நடுவே ஓர் இடைத் தண்டு ஓடுகிறது. கிராங்க்கிலிருந்து செயின் வழியாகச் சுற்றை வாங்கி, கேம்களுக்குச் செயின் வழியாகவே கொடுப்பது அதன் வேலை. அந்தத் தண்டின் பிளைவீல் பக்க முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். ஐ.எம்.எஸ். (இன்டர்மீடியட் ஷாப்ட், அதாவது இடைத் தண்டு) பேரிங் என்று எல்லோரும் பயப்படுவது இதைத்தான்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அந்த பேரிங் இருபுறமும் சீல் வைத்து, உள்ளே கிரீஸ் அடைத்து வருவது. எஞ்சினுக்குள் சூடான ஆயில் நடுவே அது வருடக்கணக்கில் இருக்கிறது. சீல் இறுகிப்போய், ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. உள்ளே போன ஆயில் திரும்பி வருவதில்லை, அங்கேயே கெட்டுப்போகிறது. பேரிங் உடைந்தால் செயின் ஒழுங்கு தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

ஆனால் எல்லா ஆண்டுக்கும் ஒரே பேரிங் இல்லை. ஆரம்பத்தில், ஏறக்குறைய 1999 வரை, இரட்டை வரிசைக் குண்டு உள்ளது, நல்ல உறுதி. 2000 முதல் 2005 வரை ஒற்றை வரிசை. அதிகம் உடைந்தது இதுதான். அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டுச் சமரசம் ஆனதும், 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்குத்தான். 2006 முதல் 2008 வரை பெரிய ஒற்றை வரிசை. இது உடைவது அரிது. ஆனால் எஞ்சின் உடம்பில் உள்ள துளையைவிட பேரிங் பெரிது. எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2005 மாடலில் இரண்டும் கலந்து வந்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி, நடு நட்டின் அளவைப் பார்த்தால் உறுதியாகும்: 13 மி.மீ. என்றால் சிறியது, 22 மி.மீ. என்றால் பெரியது.

2009 மாடலிலிருந்து புது எஞ்சின். அதில் இந்த இடைத் தண்டே கிடையாது. பட்ஜெட் எட்டினால் 2009-க்குப் பிந்தையதை வாங்குங்கள் என்பதே என் முதல் அறிவுரை. இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. 996, 997-இன் முதல் டர்போவும் ஜி.டி.3-யும் வேறு எஞ்சின், அவற்றிலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் கூலன்ட் குழாய்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கும் இணைப்புகள் கழன்றுகொள்ளும். வெல்டிங் வைத்தோ, உலோக ஊசி (pin) அடித்தோ இறுக்கியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

வேறு கம்பெனி வண்டி பார்க்கிறவர்களும் இதே முறையில் யோசிக்கலாம். வி8 எம்3 பி.எம்.டபிள்யூ. என்றால் கனெக்டிங் ராடு பேரிங், ஆடி டி.டி.யின் பழைய 2.0 டர்போ என்றால் செயின் டென்ஷனர். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் பெயர் தெரியாமல் வண்டி பார்க்கவே போகாதீர்கள்.

இரண்டாவது படி: பேப்பர்

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. நிலை, இன்சூரன்ஸ், கடன் எல்லாம் தெரியும். கடன் அடைத்திருந்தாலும் பைனான்ஸ் பெயர் நீங்காமல் இருந்தால் பாரம் 35 வாங்கித் தரச் சொல்லுங்கள். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து சாலைக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன. வேகமான வண்டிக்கு அதில் பாக்கி இருக்க வாய்ப்பு அதிகம். கட்டச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கேரள வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் பாரம் 28-இல் என்.ஓ.சி., 29, 30-இல் உரிமை மாற்றம், பிறகு பாரம் 27-இல் மறுபதிவு என்று போக வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தமிழ்நாட்டு ஆயுள் வரி, வண்டியின் வயதையும் அடக்க விலையையும் வைத்துக் கணக்காகும். நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலையை வைத்து அல்ல. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முன்பணம் கொடுக்குமுன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய் கட்டணம் என்றால், இறக்குமதிக் காருக்கு 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025-இல் வந்த உத்தரவுப்படி 80,000. என் 2007 பாக்ஸ்டரைப் பழைய உரிமையாளர் 2022-இல் புதுப்பித்திருந்தார். 2027-இல் மறுபடி வரும். அந்தப் பணத்தை அன்றே கணக்கில் எழுதி வைத்தேன்.

புதுச்சேரி நம்பரோடு கேரளத்தில் ஓடும் ஆடம்பரக் கார் என்றால், அந்த முகவரி உண்மையா என்று பாருங்கள். 2017-இல் கேரள அதிகாரிகள் வரி ஏய்ப்பு என்று இவற்றைத் தேடித் தேடி வழக்குப் போட்டார்கள். இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறை பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான பதிவுத் தாள்) இல்லாமல் தொடாதீர்கள். 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த கார்களைத் தேடிக் கொச்சி சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி வண்டிகளைக் கைப்பற்றியது. பணம் கொடுத்து வாங்கியவர் கையில் வண்டி தங்காது.

மூன்றாவது படி: எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள்

விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: “நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க.” போனதும் சைலன்சர் குழாயில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் சில நொடி நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். சிலிண்டர்கள் படுத்திருக்கும் எஞ்சின். நின்ற இடத்தில் கொஞ்சம் ஆயில் உள்ளே இறங்கியிருக்கும். புகை நிற்கவே இல்லை, வெள்ளையாகக் கொட்டுகிறது என்றால் எஞ்சின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்தெடுக்கும் ஆயில் செப்பரேட்டர் கிழிந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உள்ளிழுத்தால் அது இன்னொரு அடையாளம். இது பெரிய நோய் அல்ல, பாகம் மாற்றினால் தீரும்.

கவலைப்பட வேண்டிய சத்தம் வேறு. எஞ்சின் சூடேறிய பிறகு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம், புகைக்குழாய் முனையில் கரி. இரண்டும் சேர்ந்து வந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. 3.4 லிட்டர் கேமன் எஸ், 3.6, 3.8 லிட்டர் 911 எஞ்சின்களில் இது அதிகம், 2.7-இல் அரிது. பேரிங்கைவிட எனக்கு இதுதான் பெரிய பயம். பேரிங்கை முன்கூட்டி மாற்றலாம். கீறல் விழுந்த சிலிண்டரை எஞ்சினைப் பிரிக்காமல் எதுவும் செய்ய முடியாது.

வண்டியை ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலை மட்டும் போதாது. திருச்சூர் வண்டி என்றால் குதிரான் பக்கம் ஏற்றி இறக்குங்கள். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் ஆழியாறிலிருந்து வால்பாறை ரோட்டில் நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். ஏற்றம் முடிந்து நின்றதும் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். முன் பம்பருக்குள் இரண்டு பக்கமும் ரேடியேட்டர் இருக்கிறது. அதன் வாயில் சருகும் தூசியும் அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் தேங்காய் நார்த் தூசியும் சேர்ந்து ஒரு கம்பளம் போலப் படிந்துவிடும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்த அடைப்போடு ஓட்டினால் எஞ்சின் தாங்காது.

பாக்ஸ்டர் என்றால் கூரைத் துணி மடியும் இடத்தில் தண்ணீர் வடியும் துளைகளையும் பாருங்கள். இலை அடைத்தால் மழைத்தண்ணீர் சீட்டுக்குக் கீழே போகும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் அடியில் உள்ள எலக்ட்ரானிக் பெட்டிகளும் நனைந்திருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, கொச்சிப் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். அடி முனையில் சேற்றுக் கறை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

நான்காவது படி: லிப்டில் ஏற்றுங்கள்

இந்தப் படிக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், எவ்வளவு அழகான வண்டியானாலும் கிளம்பி வந்துவிடுங்கள். நான் இரண்டு வண்டியை அப்படி விட்டேன். ஒன்று மஞ்சள் நிற கேமன். இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் விட்டதில் வருத்தமில்லை.

சிறு முன்பணம் கொடுங்கள். ‘எஞ்சின் சோதனையில் தேறினால்தான் மீதிப் பணம், இல்லாவிட்டால் முன்பணம் திரும்ப’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புது ஆயில், புது பில்டர் செலவு உங்களுடையது என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் ஓசியில் ஓர் ஆயில் சர்வீஸ்.

முதலில் ஸ்கேனர். போர்ஷேக்கு உரியதோ, அதற்கு இணையானதோ வேண்டும். பொதுவான சிறு கருவி போதாது. அதில் நான்கு விஷயம் பாருங்கள்.

எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரம் கம்ப்யூட்டரில் இருக்கும். கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள். 40,000 கிலோமீட்டர், 1,000 மணி நேரம் என்றால் சராசரி 40; நம் ஊர் ரோட்டுக்குச் சரி. 20,000 கிலோமீட்டருக்கு 2,000 மணி நேரம் என்றால் சராசரி 10 ஆகிறது. நாள் முழுக்க டவுன் நெரிசலில் நின்ற வண்டியும் அவ்வளவு இறங்காது. மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, அளவுக்கு மீறிச் சுழன்ற பதிவு. 987-இல் ஆறு அடுக்காக இருக்கும். முதல் இரண்டில் எண்ணிக்கை இருந்தால் வண்டியை ரசித்து ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்காவது அடுக்கிலோ அதற்கு மேலோ எண்ணிக்கை இருந்தால், வேகத்தில் தவறான கியருக்கு இறக்கியிருக்கிறார்கள். அது நடந்தது எந்த மணி நேரத்தில் என்றும் காட்டும். நடந்து பல நூறு மணி நேரம் நன்றாக ஓடியிருந்தால் ஒதுக்கிவிடலாம். போன மாதம் என்றால் யோசியுங்கள்.

மூன்றாவது, கேம் டீவியேஷன்; கேம்ஷாப்ட் தன் சரியான நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு. இரண்டு பக்கமும் 6 டிகிரிக்குள், ஓர் எண்ணில் ஆடாமல் நிற்க வேண்டும். குதித்துக்கொண்டே இருந்தால் செயினோ, அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடோ, அந்த இடைத் தண்டோ தேய்ந்திருக்கிறது. நான்காவது பழுதுக் குறியீடுகள். எல்லாம் சுத்தமாக, நேற்றுத்தான் அழித்ததுபோல் இருந்தால், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, அடியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். அங்கே ஆயில் ஈரம் இருந்தால் கிராங்க்கின் பின்பக்க சீலாக இருக்கலாம், இடைத் தண்டு மூடியின் சீலாகவும் இருக்கலாம். எதுவானாலும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

இப்போது பில்டர். அடியிலுள்ள பிளாஸ்டிக் கப்பைக் கழற்றினால் காகித பில்டர் வரும். மேலும் கீழும் உள்ள வட்டத்தை பிளேடால் வெட்டி, மடிப்புகளை முழுக்க விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் பிடியுங்கள். டார்ச் போதாது, வெயில்தான் வேண்டும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே நகர்த்துங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுக்கம் இரும்பு, அதாவது பேரிங்காக இருக்கலாம். ஒட்டாத வெள்ளை மினுக்கம் அலுமினியம். பழுப்போ கறுப்போ ஆன பிளாஸ்டிக் துணுக்கு செயின் கைடு. பழைய எஞ்சினில் ஒன்றிரண்டு புள்ளி இருக்கத்தான் செய்யும். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்தால் தட்டுப்படும் அளவு துகள் இருக்கவே கூடாது.

இறக்கிய ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்பு, அலுமினியம், ஈயம், செம்பு எவ்வளவு என்று வரும். பில்டர் பெரிய துகளைக் காட்டும், ஆய்வகம் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும்; இரண்டும் வேண்டும். பழைய ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாமல் அந்த எண்களுக்கு அர்த்தம் இல்லை. நேற்று மாற்றிய ஆயில் என்றால் எல்லாம் நன்றாகத்தான் வரும்.

3.4 லிட்டரோ அதற்கு மேலோ உள்ள எஞ்சின் என்றால் கேமரா விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்ப்பது ஒரு முறை. எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றிவிட்டுக் கீழிருந்து சுவரைப் பார்ப்பது அதைவிட நம்பிக்கை. 4 முதல் 6 வரையான சிலிண்டர் வரிசையை, முக்கியமாக ஆறாவதைப் பொறுமையாகப் பாருங்கள். சம்ப் கழற்றும்போது அதன் அடியில் படிந்திருப்பதையும் பார்த்துவிடலாம்.

ஐந்தாவது படி: முன்கூட்டி மாற்றுவதா, விடுவதா

இங்கேதான் பணமும் மன நிம்மதியும் முட்டிக்கொள்கின்றன. “எல்லாத்தையும் மாத்திருங்க” என்று ஒருவர் சொல்வார், “உடைஞ்சா பாத்துக்கலாம்” என்று இன்னொருவர் சொல்வார். எஞ்சினின் ஆண்டு, பில்டரில் கண்டது, கிளட்சின் நிலை ஆகிய மூன்றையும் வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

பில்டரில் இரும்புத் துகள் கண்டால், பேரிங் மாற்றுவது வீண். மினுக்கம் எல்லா ஆயில் வழியிலும் போய்ச் சேர்ந்திருக்கும். புது பேரிங் போட்டாலும் மற்ற இடம் தேயும். எஞ்சின் பிரித்துக் கட்டும் செலவைக் கழித்து விலை பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முன்கூட்டி மாற்றுவது ஆரோக்கியமான எஞ்சினுக்கு மட்டும் செய்கிற வேலை.

2000 முதல் 2005 வரை, சிறிய ஒற்றை வரிசை, பில்டர் சுத்தம்: மாற்றிவிடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தாலும், கியர்பாக்ஸை இறக்கி பேரிங்கை மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது உடைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உடைந்தால் போவது எஞ்சின் முழுக்க. அந்த எஞ்சின் விலைக்கும் இந்த வேலையின் செலவுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஏற்கெனவே மாற்றியாயிற்று என்று விற்பவர் சொன்னால் பில்லைக் கேளுங்கள்: என்ன வகை பேரிங், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில். பீங்கான் குண்டு போட்ட மாற்று பேரிங்குக்கும் ஆயுள் கணக்கு உண்டு. எட்டு வருடம் முன் போட்டது என்றால் நீங்கள் மறுபடி போட வேண்டியிருக்கும்.

1999 வரையான இரட்டை வரிசை என்றால் அவசரம் இல்லை. கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துச் செய்தால் போதும்.

2006 முதல் 2008 வரை: பேரிங்கைத் தொடவே வேண்டாம். அதற்காக எஞ்சினைப் பிளப்பது, இல்லாத நோய்க்கு ஆபரேஷன். கிளட்சுக்காகக் கியர்பாக்ஸ் இறங்கும்போது மூடியைக் கழற்றி, பேரிங்கின் வெளிப்பக்க ரப்பர் சீலை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கிரீஸ் காலம் முடிந்தது, இனி எஞ்சின் ஆயிலே அதை நனைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. என் 2007 வண்டிக்கு நான் செய்தது இதுதான். பின் சீல் அடியில் ஈரம் இருந்தது. எப்படியும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டியிருந்தது. ஈரம் இல்லாமல், கிளட்சும் நன்றாக இருந்திருந்தால் அன்று ஒன்றுமே செய்திருக்க மாட்டேன்.

கியர்பாக்ஸ் ஒருமுறை இறங்கினால் கூலியில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. அப்போது கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பின் சீல், ஆயில் செப்பரேட்டர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பிளைவீல் இரண்டு அடுக்குள்ளது; அதன் ஆட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் கழற்ற வேண்டும். அதனால் ‘கிளட்சோடு சேர்த்து’ என்ற சாக்கு அவர்களுக்குக் கிடைக்காது, சீல் கசிவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாட்டர் பம்ப்பை மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள். அதன் இறக்கை பிளாஸ்டிக். உடைந்தால் துண்டுகள் கூலன்ட் வழியெல்லாம் போகும், எஞ்சின் கொதிக்கும். பாக்ஸ்டரிலும் கேமனிலும் எஞ்சினின் முன்பக்கம் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே பலகையைக் கழற்றி பெல்ட், பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். எங்கள் ஊர் வெயிலுக்கு இது பேரிங்கைவிட முந்திய வேலை.

வேலை கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கேம் லாக் டூல் இருக்குங்களா?” சிறிய பேரிங் மாற்றும்போதும் சரி, சீல் எடுக்க மூடியைக் கழற்றும்போதும் சரி, கிராங்க்கை டி.டி.சி.யில் (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையில்) பூட்டி, கேம்களைப் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் தண்டு சரிந்து டைமிங் போய்விடும். அந்தக் கருவி இல்லாத இடத்தில், எவ்வளவு பழக்கமான மெக்கானிக்காக இருந்தாலும், இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆறாவது படி: விலை

கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டோடு விற்பவர் முன் வையுங்கள். குறை சொல்லாதீர்கள், அவர் அந்த வண்டியை ஆசையாக வைத்திருந்தவர். “வண்டி நல்லாயிருக்குங்க, இந்த வேலை மட்டும் பாக்கியிருக்கு, பாதி நீங்க விட்டுக்குடுங்க” என்றால் பேச்சு நகரும். விலை படிந்த பிறகும், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்குத் தனியாக ஒதுக்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒருபடி குறைந்த வண்டி வாங்குவதே நல்லது. என் முதல் பாக்ஸ்டருக்குக் கையிலிருந்த எல்லாப் பணத்தையும் கொட்டினேன். அதனால்தான் பில்டர் வெட்ட, ஆய்வகத்துக்கு அனுப்ப என்று யாராவது சொல்லியிருந்தாலும் அன்று கேட்டிருக்க மாட்டேன்.

கிலோமீட்டர் குறைவான வண்டிக்கு அதிக விலை கேட்பார்கள். இந்த எஞ்சின் விஷயத்தில் அதற்கு மயங்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஈரத்தில் ஷெட்டில் நின்று, மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்த எஞ்சினில் ஆயில் முழுச் சூட்டுக்கே போவதில்லை. உள்ளே வேர்த்த தண்ணீர் ஆயிலிலேயே தங்கிவிடும். பேரிங் அதில்தான் ஊறும். எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரத்தை இழுக்கும். 21,000 கிலோமீட்டர் ஓடிய என் முதல் வண்டி உடைந்தது. 68,000 ஓடி, வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய பில்களோடு வந்த இரண்டாவது வண்டி நன்றாக ஓடுகிறது.

ஏழாவது படி: முதல் வருடம்

ஆயில் 0டபிள்யூ-40, போர்ஷே ஏ40 அங்கீகாரம் உள்ளது. புத்தகத்தில் நீண்ட இடைவெளி போட்டிருக்கும். நான் 8,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுகிறேன். வடிகால் நட்டை காந்தம் வைத்ததாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பில்டரை வெட்டி, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த போட்டோக்களுக்கு மதிப்பு உண்டு.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்தில் உறுமவிடாதீர்கள். அரை நிமிடத்தில் கிளம்பி, ஆயில் சூடேறும் வரை 3,000 ஆர்.பி.எம்.-க்குள் ஓட்டுங்கள். சிலிண்டர் கீறலுக்கு நம்மால் செய்ய முடிந்த தடுப்பு பெரும்பாலும் இதுதான். சூடேறிய பிறகு தயங்காமல் மேலே வரை சுழற்றுங்கள். அந்த எஞ்சின் அதற்காகக் கட்டியது. வாரம் ஒருமுறையாவது முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். நான் ஞாயிறு விடியலில் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர் போய், வாளையார் வழியாகத் திரும்பி வருவேன். கணவாய்க் காற்று கூரை திறந்த வண்டியில் முகத்தில் அடிக்கும்.

சீல் எடுத்த பிறகு முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே இறக்கினோம். போத்தனூர் அண்ணன் பில்டரை வெட்டி விரித்து என் கையில் கொடுத்தார். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தேன். ஆயில் நிறம் தவிர வேறு எதுவும் இல்லை.

“திருப்பிப் பாருங்க தம்பி,” என்றார்.

அந்தப் பக்கமும் சுத்தமாக இருந்தது.